பதினான்கு விநாடி

அஸ்தம்பட்டியில் பஸ் ஏறும்போது
மூன்று கோப்புகள் போய்க்கொண்டிருந்தன.
அடிவாரம் தாண்டுகையில் நாற்பது சதம்.
ஏழாவது கொண்டை ஊசி வளைவில்
சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று
யோசிக்கத் தொடங்கியது.
பன்னிரண்டில் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது.
பின்சீட்டில் யாரோ வாந்தி எடுத்தார்கள்.
கோடு போய்விட்டது.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அடுக்கியவை அவை.
எண்ணையே பெயராய் வைத்துக்கொண்டு வந்துசேர்ந்த
முந்நூற்றுச் சொச்சம் காணொளிகள்.
ஒவ்வொன்றாய்த் திறந்து
விளம்பரத்தை வெட்டி,
குழந்தைகளோடு பேசுவதாய் நினைத்து
மூக்கால் பேசுகிறவர்களைக் கழித்து,
ஆப்பிளை வைத்தே கூட்டல் சொல்கிறவற்றை
ஓரம் ஒதுக்கி
(எங்கள் பிள்ளைகளுக்கு ஆரஞ்சும் பலாவும் போதும்)
மிச்சம் நாற்பத்தொன்று.
நாலு எம்.பி.க்கு மேல் எதுவுமில்லை,
மிஞ்சினால் சடையப்பன் போனில் ஏறாது.
அந்தப் போனில் மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள்,
அவர் மிளகுக் கொடியிலிருந்து இறங்கி
வீடு வந்த பிறகு.

ஒன்றாம் வகுப்பின் கோப்புறைக்கு
எழுத்தில் பெயர் வைத்து என்ன பயன்?
வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு
அதற்குள் இருப்பது தேவையே இல்லை.
ஆகவே படங்கள்.
கணக்குக்குப் பலாச்சுளை.
தமிழுக்குக் கிளி.
சூழ்நிலையியலுக்குக் காட்டெருமை.
ஆங்கிலத்துக்கு வெகுநேரம் யோசித்து
பஸ்.

திங்கட்கிழமை கேட்டேன்,
யார் யார் பார்த்தீங்க?
இருபத்து மூன்று பேர், பதினொரு போன்.
"எங்கப்பா அழிச்சிட்டாரு டீச்சர்,
சினிமா ஏத்த இடமில்லையாம்."
இது கிருத்தீஷ்.
"பாறை மேல நின்னாத்தான் வரும்,
அங்க அட்டை ஏறுது."
இது யாழ்மதி, காலைத் தூக்கிக் காட்டினாள்.
மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.
ஒன்றை மட்டும் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.
நெட்டே இல்லாமல், போனோடு போனை ஒட்டவைத்து
களத்துமேட்டில், காபி மூட்டைக்குப் பின்னால்
கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினான்கு விநாடி.
கிளிக்குள் தவறி விழுந்தது.
"இன்னிக்கு நாம பார்க்கப் போற எழுத்து"
என்று என் பாதி முகம்.
பிறகு மின்விசிறி.
பிறகு ஓடுகிற செருப்புச் சத்தம்.
"அய்யய்யோ, பால் பொங்கிடுச்சு!"
பாத்திரம் ஒன்று உருண்டு
உருண்டு
நிற்பதற்குள் முடிந்துவிடுகிறது.

எனக்குக் காது சூடாகிவிட்டது.
வெட்கத்தை மறைக்கச் சொல்வதெழுதுதல் வைத்தேன்:
சங்கு, நுங்கு, தங்கம்.
ஆறு மாதமாய் இவர்கள் வாயில் இருந்து
கைக்கு வராத எழுத்து அது.
சகு என்பார்கள், நுகு என்பார்கள்,
சிவநேசனோ அந்த இடத்தில்
ஒரு சின்ன மலை வரைந்து வைப்பான்.

இன்று அவன் சிலேட்டில்
நான் சொன்ன எதுவும் இல்லை.
கோணல் மாணலாய்,
கடைசி எழுத்து சட்டத்தின் மேல் ஏறி,
பால் பொங்கிடுச்சு.
ங் இருந்தது.
அதன் தலைப்புள்ளியைச்
சுண்ணாம்புக்கட்டி உடையுமளவு குத்தியிருந்தான்.

பொங்கிவிட்டது என்றுதான் எழுத வேண்டும்.
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

மாலை இறங்கும் பஸ்ஸில் ஏழாவது வளைவு.
காலையில் நின்றுபோன மூன்றும்
ஒருவழியாய்ப் போய்ச்சேர்ந்தன.
இதுவரை எவரும் திறக்கவில்லை.
அழிக்கலாமென்று நினைத்த பதினான்கு விநாடியைக்
கிளிக்குள் முதலாவதாய் நகர்த்திவைத்தேன்.

நாளை மறுநாள் ஞ்.
வீட்டில் இஞ்சி இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது.
தவறி எதைக் கொட்டுவது என்றுதான்
இன்னும் முடிவாகவில்லை.